டோங்காவிலிருந்து கொருக்குப்பேட்டைக்கு

ஞாயிறு காலை வசீமின் கைபேசி அலறியது. பசிபிக் கடலில் டோங்கா தீவுகள் பக்கம் பெரிய நிலநடுக்கம். நடுக்கடல், ஆட்களுக்குச் சேதமில்லை.

பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டுச் சந்துக்கு ஓடினான். ஒரு வருஷமாகச் செத்த நடை நடந்தவன் ஓடி வந்ததும், மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பவுனம்மாள் எழுந்தே விட்டாள்.

"இன்னா நைனா, வூடு பத்திக்கிச்சா?"

"இல்லக்கா. டோங்காவுல பூமி ஆடிடுச்சு. அந்த ஆட்டம் மண்ணு வழியா இங்க வந்துகினு கீது. இன்னும் அரை மணி நேரம். அதுவரை சந்துல யாரும் அசையக் கூடாது."

"அம்மாந்தூரத்துலேர்ந்து நம்ம சந்துக்கா? வரட்டும், வரட்டும்!"

வசீம் வீட்டு மாடிப்படிக்கு அடியில், கடப்பாக்கல்லின் மேல், நில அதிர்வைப் பதியும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. புவியியல் படித்த அவன் மனைவி உமைமா வைத்தது. போன வருஷம் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. நூறு வருஷத்துக்கும் மேலான உலக நிலநடுக்கங்களைத் தொகுத்து, பழசையும் புதுசையும் ஒப்பிடுகிற வெளிநாட்டு மையம் ஒன்றில், தன் பேரிலேயே நிலையத்தைச் சேர்த்திருந்தாள்: 'உமை'. அது அனுப்பியதெல்லாம் கூட்ஸ் வண்டியும் மாவு மில்லும்தான். தூரத்து நடுக்கம் ஒன்றாவது இந்த மாதத்துக்குள் தெளிவாக வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று மையம் எழுதிவிட்டது. மாதம் செவ்வாயோடு முடிகிறது.

டோங்காவின் முதல் அலை ஏற்கெனவே மில்லில் அரைபட்டுப் போயிருந்தது. பின்னால் வரும் பெரிய அலைதான் மிச்சம்.

"உமைமா பொண்ணோட மிஷினா? மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?" மாரியப்பன் மில்லை நிறுத்தினார். கிரைண்டர்கள் ஓய்ந்தன. கிரிக்கெட் பாதி ஓவரில் நின்றது. கூட்ஸ் யார்டை மட்டும் அல்லாதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சந்து அடங்கியது. அங்கேதான் தப்பு நடந்தது. டோங்கா வருவதை நேரில் பார்க்க, மொத்தச் சந்தும் பூனை நடை போட்டு வசீமின் முன்னறைக்கே வந்துவிட்டது.

கருவியோடு இணைத்த கணினித் திரையில் கோடு தாறுமாறாகக் குதித்தது.

"வந்துடுச்சு மாமு!" என்றாள் பக்கத்து வீட்டுச் சிறுமி ஷாலு.

"அது நீங்கதான்! அப்படியே நில்லுங்க!"

நின்றார்கள். ஷாலு தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. மாரியப்பன் மூச்சைப் பிடித்துக் கண் பிதுங்கினார். அதைப் பார்த்த பவுனம்மாளின் வயிறு சத்தமில்லாமல் குலுங்கியது. கோடும் குலுங்கியது.

"யக்கா, டோங்காவே தேவல. நீ கம்முனு இரு," என்று மாரியப்பன் கிசுகிசுத்தார்.

அவ்வளவுதான். அடக்க அடக்கச் சிரிப்பு ஆள்மாறி ஆள் தொற்றியது. ஒவ்வொருவர் சிரிப்பும் திரையில் தெரிய, அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். எல்லாம் போச்சு என்று நினைத்த வசீமின் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது கோடு ஏறியது. அவசரமே இல்லாமல், யாரையும் சட்டை பண்ணாமல், ஏறி, நின்று, இறங்கியது. மறுபடி ஏறியது. சிரிப்பெல்லாம் அதன் முதுகில் பூனைமயிராக ஒட்டிக்கொண்டு போனது.

"இது யாரு?" என்றாள் பவுனம்மாள்.

"இதுதான்க்கா டோங்கா."

அறை கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது.

சாயங்காலம் மையத்திலிருந்து பதில் வந்தது. 'பெரிய அலை தெளிவு. 'உமை' தொடரலாம். மேலே உள்ள பொடி அதிர்வுக்குக் காரணம் என்ன? மறுபடி வருமா?'

வசீம் தட்டினான்: 'வீட்டு ஆட்கள். வருவார்கள்.'