வீட்டுக்காரர் பேரு

தேனியிலிருந்து சின்னமனூர் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவதில் விஜயகுமாரை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். அடுத்தவன் வாயால் அதைக் கேட்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அப்பேர்ப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிமோட்டும் கையுமாக டிவி முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். வைஃபை இணைக்கப்படவில்லை என்று டிவி எழுதிக் காட்டியது. எத்தனை தடவை அழுத்தினாலும் அதையேதான் எழுதிக் காட்டியது.

டிவியை இந்தக் கதிக்கு ஆளாக்கியதும் நான்தான். வியாழக்கிழமை சாயங்காலம் படம் நின்று நின்று ஓடியது. "சும்மா விடுங்க, தானாச் சரியாயிரும்" என்றாள் நதியா. ஒரு மெக்கானிக்கைப் பார்த்துச் சும்மா விடச் சொல்லலாமா? செட்டிங்ஸுக்குள் நுழைந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனேன். கடைசியில் டிவி, கடையிலிருந்து இறக்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது. அவள் பாதி பார்த்து வைத்திருந்த மலையாள சீரியல், அப்புறம் செய்து பார்க்கலாம் என்று சேர்த்து வைத்திருந்த சமையல் வீடியோ, எல்லாம் போயே போய்விட்டன. நதியா கேரள எல்லையோரக் கூடலூர்க்காரி. மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சா கொறஞ்சா போயிருவீக?" என்றாள்.

தப்பு செய்தவனுக்குத்தானே கோபம் முதலில் வரும்? "டிவி பாத்தே ஆகணும்னா ஒங்கப்பன் வீட்டுல போயிப் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் இட்லி அவித்து, சட்னி அரைத்து மூடி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கூடலூர் பஸ் ஏறிவிட்டாள். போகச் சொன்னது நான்தானே, எங்கே போகிறாய் என்று எந்த வாயால் கேட்பது?

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வருத்தமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்வோம். நான் கடையடைத்து வரும் நேரத்துக்கு டிவியில் யாராவது மலையாளத்தில் அழுதுகொண்டிருப்பார்கள். அடுப்படியில் நின்றபடியே நதியா அவர்களைத் தமிழில் திட்டிக்கொண்டிருப்பாள். செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். அவள் போன பிறகு வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். கல்லாட்டம் இருக்கிறவன் என்று என்னைச் சொல்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கம்பம் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அதைப் போன் போட்டுச் சொல்ல வாய் வர வேண்டுமே. அதனால் ஒரு வழி யோசித்தேன். டிவியை முதலில் சரிசெய்துவிடுவது. பிறகு அவளைக் கூப்பிட்டு, "டிவி சரியாயிருச்சு" என்று மட்டும் சொல்வது. மற்றதை அவளே புரிந்துகொள்வாள். டிவி சரியாகாமல் கூப்பிட்டால் என்னத்தைச் சொல்வது? ஆக, நதியா வருவதும் வராததும் அந்தப் பாழாய்ப்போன வைஃபை கையில் இருந்தது.

கனெக்‌ஷன் கொடுத்த முத்துராஜாவுக்குப் போன் போட்டேன்.

"மோடத்துல பச்ச லைட்டு எரியுதாண்ணே?"

"எரியுது."

"ஒருக்கா ஆஃப் பண்ணி, கொஞ்சம் பொறுத்து ஆன் பண்ணுங்க."

செய்தேன். டிவியையும் பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். இந்தத் தடவை டிவியில் தெருவிலுள்ள வைஃபை பெயரெல்லாம் வரிசையாக வந்தது. எங்கள் வீட்டுப் பெயரை அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்டது.

"அப்ப நெட்டு நல்லாத்தான் இருக்குண்ணே. ஒங்க டிவிதான் எல்லாத்தையும் மறந்துருச்சு. பாஸ்வேர்டப் போடுங்க."

"அது என்னன்னு நீ சொல்லு."

"அக்காதான் அன்னைக்கு வச்சாக. நான் பாக்கக்கூடாதுன்னு இங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன். மாத்தணும்னா ஆபீஸ்லதான் கேக்கணும். கனெக்‌ஷன் ஒங்க வீட்டுக்காரர் வைகுண்டராஜ் அண்ணாச்சி பேர்லல்ல இருக்கு? அவுகளக் கூட்டியாரணும். இன்னைக்கு ஆபீஸும் லீவு."

வைகுண்டராஜ் அண்ணாச்சிக்குப் போடி பஜாரில் பலசரக்குக் கடை. நாங்கள் குடியிருக்கும் வீடு அவருடையது. கரண்டு பில் அவர் பெயரில் இருக்கிறது என்பதால் நெட்டையும் அவர் பெயரிலேயே கொடுத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் நெட்டு கிடையாது. நதியா போன் நதியாவோடு போய்விட்டது.

பாஸ்வேர்டைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அவளைக் கேட்பதுதான். நேரடியாகக் கேட்கக் கௌரவம் விடவில்லை. மச்சினன் கார்த்திக்ராஜைக் கூப்பிட்டேன். அவன் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன். போனை எடுத்தபோது வீட்டில்தான் இருந்தான்.

"மாப்ள, ஒங்கக்காகிட்ட வைஃபை பாஸ்வேர்டு என்னன்னு கேளு."

"நீங்களே கேளுங்களேன் மச்சான், இங்கனதான் இருக்கு."

"நீ கேட்டுச் சொல்லுடா."

போனைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான். பிறகு வந்து, "வீட்டுக்காரர் பேருதானாம் மச்சான். எல்லாம் சின்ன எழுத்தாம், எடவெளி விடாமச் சேத்துப் போடணுமாம்" என்றான்.

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லல. சவாரி வந்துருச்சு, வச்சிரவா?"

வைத்துவிட்டான். நானும் ரிமோட்டை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அண்ணாச்சி பெயரைப் போட்டேன். தவறான பாஸ்வேர்டு என்றது டிவி. 'கு'வுக்கு ஒரு தடவை கே போட்டேன், ஒரு தடவை ஜி போட்டேன். 'ட'வுக்கு டி என்றால் அதில் எந்த டி? தமிழில் ஒரே மாதிரி எழுதித் தொலைக்கிற பெயரை இங்கிலீஷில் ஆளுக்கொரு தினுசாக எழுதலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

எழுத்து நகர நகர எனக்குக் கோபமும் ஏறியது. உலகத்தில் பெயருக்கா பஞ்சம்? சாமி பெயர் வைத்திருக்கலாம். பிறந்த ஊர்ப் பெயர் வைத்திருக்கலாம். என்னைப் பிடிக்காவிட்டால் அவள் அப்பன் பெயரையாவது வைத்திருக்கலாம். வாடகை வாங்க வருகிற மனுஷன் பெயரைப் போயா ஒருத்தி தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்வாள்? நாம் இந்த வீட்டில் குடியிருப்பவர்கள்தான், நமக்கென்று இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிக் காட்டத்தான் வைத்தாளோ என்றுகூடத் தோன்றியது. பசியும் சேர்ந்துகொண்டது. காலையிலிருந்து ஒரு டீயோடு இருந்தேன்.

மதியம் ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் அண்ணாச்சிக்கே போன் போட்டேன்.

"அண்ணாச்சி, ஒங்க பேர இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீக?"

"எதுக்குப்பா?" என்றார். குரலில் சந்தேகம் தெரிந்தது. வீட்டுப் பத்திரத்தை என்னமோ செய்யப்போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

"பத்திரத்துக்கெல்லாம் இல்ல அண்ணாச்சி. டிவிக்கு."

"டிவிக்கு எம் பேரு எதுக்கு? அதெல்லாம் எனக்கு வெளங்காது. இரு, இவகிட்டக் குடுக்கேன்."

அண்ணாச்சி சம்சாரம் பூமாரி அக்கா போனை வாங்கினாள். படித்தவள், கடையில் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் அவள்தான் போடுகிறாள். நான் விவரத்தைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டாள்.

"என்ன தம்பி இது கூத்து! ஒங்க வீட்டு டிவில எங்க வீட்டுக்காரர் பேர எதுக்குப் போடுதீக?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அக்கா சொன்ன வார்த்தை உறைத்தது.

எங்க வீட்டுக்காரர்.

"தம்பி? லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேங்க்கா. வேணாங்க்கா. வச்சிருதேன்" என்று என்னமோ உளறிவிட்டுப் போனை வைத்தேன்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் வீட்டுக்காரர் என்றால் அண்ணாச்சிதான். "வீட்டுக்காரர் வர்றாக, சட்டையப் போடுங்க" என்பாள் நதியா. என்னைக் கூப்பிட அவளுக்கு 'என்னங்க'வும் 'இந்தாங்க'வும் போதும். ஆனால் நான் இல்லாத இடத்தில் அவள் என்னை என்னவென்று சொல்வாள்? ரேஷன் கடையில், தண்ணீர்க் குழாயடியில், எனக்குக் காய்ச்சல் என்று மருந்துக் கடையில் போய் நிற்கும்போது? எல்லாப் பெண்களும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பாள். ஊருக்கே தெரிந்திருக்கும். ஒரு பெண் தன் புருஷனை அடுத்தவர்களிடம் எப்படிச் சொல்கிறாள் என்பதைப் புருஷன் எங்கே கேட்டான்?

அதுவும் யாரிடம், எப்போது சொல்லியிருக்கிறாள்! அப்பன் வீட்டுக்குப் போ என்றவனுக்காகத் தம்பி வந்து கேட்கிறான். "அந்த ஆளு பேரு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவே மாட்டேன் என்றும் இருந்திருக்கலாம். அத்தனை கோபத்திலும் அவள் வாயில் வந்தது அந்த வார்த்தைதான். நான் என்னடா என்றால் காலையிலிருந்து அந்த இடத்தில் அண்ணாச்சியை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் கலங்கிவிட்டது. மோட்டார் கடைக்காரன் அழுதால் யாரும் பார்க்கவா போகிறார்கள், அழுதுகொண்டேன்.

பிறகு ரிமோட்டை எடுத்து என் பெயரைப் போட்டேன். கடை போர்டில் இருக்கிற அதே எழுத்துகள், எல்லாம் சின்னதாக, சேர்த்து. டிவி கொஞ்ச நேரம் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு இணைக்கப்பட்டது என்று எழுதியது.

நதியா போனுக்கே கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"டிவி சரியாயிருச்சு" என்றேன், முன்பே யோசித்து வைத்திருந்தபடி.

"ம்."

"பாஸ்வேர்டு போட்டேன்."

"காலையில சொல்லிவிட்டேன். இப்பத்தான் போட்டீகளா?"

"இம்புட்டு நேரம் வைகுண்டராஜ் அண்ணாச்சி பேரப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அவுக பேர எதுக்கு?"

"நீதான வீட்டுக்காரர் பேருன்னு சொல்லிவிட்ட?"

நதியா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாள் ஆனதுபோல இருந்தது. சிரிப்பு முடியும் இடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மண்டையில என்ன களிமண்ணா வச்சிருக்கீக?" என்றாள்.

யோசித்து வைத்திருந்தது 'டிவி சரியாயிருச்சு'வோடு முடிந்துவிட்டது. மேற்கொண்டு பேச என்னிடம் ஒன்றும் இல்லை, சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததைத் தவிர.

"அன்னைக்கு நான் பேசுனது தப்பு நதியா. டிவி இல்லாட்டிக் கெடக்குது. நீ இல்லாம இந்த வீட்டுல என்னால இருக்க முடியல."

அவள் வீட்டில் கோழி கத்துவது கேட்டது. நான் காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சாப்ட்டீகளா?" என்றாள்.

"இல்ல. இப்பவே வண்டிய எடுத்துக்கிட்டு அங்கன வர்றேன். உன்னயக் கூட்டிட்டு வந்துதான் சாப்பாடு."

"வெறும் வயித்தோட வண்டி ஓட்டாதீக. எதையாச்சும் தின்னுட்டு மெதுவா வாங்க. நான் சோறு வச்சிருதேன்."

அப்போது அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் வாசலில் வந்து நின்றதுபோலிருந்தது. "போன்ல யாரு நதியா, இம்புட்டுச் சிரிப்பு?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும். நதியா போனைப் பொத்த மறந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க்கா" என்றாள். "என்னயக் கூட்டிட்டுப் போக வர்றாகளாம்."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் அதை நான் என் காதால் கேட்டேன்.