சர்க்கரை போடாத டீ

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணும் நானும் ஒரு செமஸ்டர் இடம் மாறிப் படித்தோம். அவள் வீட்டில், அவள் அறையில் நான். என் வீட்டில், என் அறையில் அவள். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

நான் திரும்பியபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். என் கட்டில் ஜன்னலோரம் நகர்ந்திருந்தது. அம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். பெற்ற பெண்ணிடம் இதென்ன புது மரியாதை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தினமும் காலையில் என் மேசைக்குச் சர்க்கரை போடாத டீ வந்தது; அவளுக்குப் போட்டுப் போட்டு அம்மாவுக்குப் பழகியிருக்கும். எனக்கோ மூன்று ஸ்பூன் வேண்டும். அங்கே அவள் அம்மாகூட அதைப் பார்த்து வாயைப் பிளப்பார். அந்த டீயை நான் தொடுவதே இல்லை. கல்லூரி விட்டு வந்தால் கோப்பை காலியாக இருக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏம்மா, தினமும் அந்த டீயைப் போட்டு, அப்புறம் நீயே கொட்டறே?"

"நான் எங்கடி கொட்டினேன்? நீதான் ஒரு சொட்டு விடாம குடிக்கிறியே. அங்க போய் நாக்கு மாறிடுச்சுன்னு நினைச்சேன்."

உடனே அவளுக்கு ஃபோன் செய்தேன். நான் வாய் திறக்கும் முன்பே, எங்கள் வீட்டில் கற்ற தமிழில், என் அம்மாவின் அதே இழுவையோடு அவள் கேட்டாள்:

"எங்க வீட்டுச் சர்க்கரை டப்பா தினமும் குறைஞ்சுக்கிட்டே வருது. நீ எப்பதான் இங்கேருந்து கிளம்புவே?"