தொட்ட தட்டுக்குத்தான் காசு

ஜகார்த்தாவில் தேதிகளுக்கும் வயதாகும். சம்பளம் வாங்கிய கையோடு வருகிற நாட்களை இளம் தேதி என்பார்கள். பை காலியாகிவிட்ட நாட்களுக்குக் கிழட்டுத் தேதி என்று பெயர். வெனிங் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தைந்தாம் தேதி சம்பளம். பதினைந்து தாண்டினாலே அவளுக்குத் தேதி நரைக்க ஆரம்பித்துவிடும்.

இன்றைக்கு வெனிங்குக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்த வீடு, கார், கூடவே சர்க்கரை நோய் என்று எல்லா வசதியும் வந்துவிட்டது. ஆனால் பழைய கதை பேச உட்கார்ந்தால் அவள் மனம் ஓடுவது ரவாமங்குன் சந்திலிருந்த அந்த வாடகை அறைக்குத்தான். பாயை விரித்தால் கதவைத் திறக்க முடியாது. பக்கத்து அறை ரேடியோவில் நாடகம் ஓடினால் இவளும் சேர்ந்து அழலாம். எட்டுப் பெண்களுக்கு ஒரே குளியலறை. காலையில் வாளியும் கையுமாக வரிசையில் நின்றபடி பேசிய ஊர்வம்பு மாதிரி ருசியான வம்பு அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

அந்த நாட்களில் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டை இரண்டாக உடைத்து இரண்டு இரவுக்கு வைத்துக்கொள்வாள். உடைப்பது பெரிய காரியமில்லை. கூட வரும் மசாலாப் பொடியைச் சரிபாதியாகப் பிரித்து, மீதியைக் காற்றுப் படாமல் மடித்து வைப்பதில்தான் கைத்திறமை. மதியத்தில் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் சோறும் குழம்பும். காய் வேண்டாம், கறி வேண்டாம், வயிறு சரியில்லை என்பாள். மாதத்தில் பத்து நாள் சரியில்லாமல் போகிற வயிறு என்ன வயிறு என்று கடைக்காரி ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் புண்ணியவதி.

ஆனால் வெனிங் ஊருக்கு எழுதும் கடிதங்களில் மீன் இல்லாத நாளே கிடையாது. அதற்குக் காரணம் இருந்தது. நடு ஜாவாவின் வொனொசோபோ மலையில் உருளைக்கிழங்கு போடுகிற அவளுடைய அப்பா தர்ஜோனோ, மகளை அனுப்பும்போதே ஒன்று சொல்லியிருந்தார்: "போ, வேண்டாங்கல. ஆனா அங்க நீ அரை வயித்தோட கெடக்கறன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்." அவர் அதிகம் பேசாதவர். அப்படிப்பட்டவர் ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவார். ஊருக்குத் திரும்பினால் என்ன காத்திருக்கிறது என்பதும் வெனிங்குக்குத் தெரியும். கிழங்குத் தோட்டம், அப்புறம் யாராவது ஒருத்தனோடு கல்யாணம், அப்புறம் மறுபடியும் கிழங்குத் தோட்டம்.

நவம்பர் மாதம். பதினேழாம் தேதி, நரைத்துப்போன வியாழக்கிழமை, அப்பாவின் அஞ்சலட்டை வந்தது. ஜகார்த்தாவை ஒட்டிய பெக்காசியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாராம். ஞாயிறு மதியம் உன்னைப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறேன் என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

வெனிங் அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினாள். அங்கே இருந்தவள் தியுர்மா. சுமத்ராவிலிருந்து வந்த பத்தாக்குக்காரி, தபால் நிலையத்தில் வேலை. அவள் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"வரட்டுமே, அதுக்கேன் மூஞ்சி இப்படி வெளிறுது?" என்றாள் தியுர்மா.

"எங்கிட்ட ஒம்பதாயிரம் ரூபியாதான் இருக்குடி. இருவத்தஞ்சு வரைக்கும் அதுதான். தெருமுனைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனா அந்தம்மா கேக்காமலே சோறும் குழம்பும் கொண்டாந்து வச்சிரும். அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சிரும்."

"உள்ளதச் சொல்லிடு. 'அப்பா, கையில காசில்ல, ஒம்பதாயிரத்துல ஓட்டறேன்'னு. எங்கூர்ல அப்படித்தான் சொல்லுவோம். நீங்க ஜாவாக்காரங்க, வீடு பத்தி எரிஞ்சாக்கூட 'கொஞ்சம் கதகதப்பா இருக்கு'ம்பீங்க."

"சொன்னா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாரு."

தியுர்மா தலையைச் சொறிந்தாள். பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "பாடாங் கடைக்குக் கூட்டிட்டுப் போ! உக்காந்த ஒடனே இருவது தட்டக் கொண்டாந்து அடுக்குவான். பாக்கறதுக்கு ராஜா வீட்டு விருந்து. ஆனா தொட்ட தட்டுக்குத்தான் காசு. அவருக்கு மாட்டுக்கறி ரெண்டாங் ஒண்ணு, உனக்கு ஒரு முட்டை. மிச்சமெல்லாம் வந்த மாதிரியே திரும்பிப் போயிரும். குழம்பு சும்மா. மூவாயிரத்துல முடிச்சிரலாம்."

வெனிங்குக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டாள் என்றுதான் நினைவு.

வெள்ளியும் சனியும் அந்தக் காசைத் தொடாமல், வேலைக்கு நடந்தும் அரை நூடுல்ஸிலும் ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கல்யாணத்துக்குப் போட்ட பாத்திக் சட்டை, கறுப்புத் தொப்பி, தோளில் ஒரு மூட்டை. மூட்டையில் உருளைக்கிழங்கு. அதைப் பார்த்ததும் வெனிங்கின் மனம் துள்ளியது. ஐந்து நாள் அவித்துத் தின்னலாம்! அப்பா நேரே வீட்டுக்காரம்மாவிடம் போய், "எம்பொண்ணப் பாத்துக்கறீங்க, நாங்க வேற என்னத்தத் தரப்போறோம்" என்று குனிந்து மூட்டையை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டார். ஒரு கிழங்குகூட அறைப் பக்கம் வரவில்லை.

மகளைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "எளைச்சுட்ட போலிருக்கே."

"பட்டணத்துல இப்படித்தாம்ப்பா இருக்காங்க. இதுதான் நாகரிகம்."

"ம்" என்றார் அப்பா. அந்த 'ம்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வாங்கப்பா, சாப்பிடப் போலாம்" என்று அவசரமாகக் கிளப்பினாள்.

பாடாங் கடையில் உட்கார்ந்த மறு நிமிடம், இரண்டு கையிலும் தோள்வரை தட்டுகளை அடுக்கியபடி பரிமாறுகிறவன் வந்தான். ரெண்டாங், மீன் குழம்பு, பொரித்த கோழி, கோழிக் குழம்பு, முட்டை, ஈரல், மூளை, மரவள்ளிக் கீரை, மிளகாய்ச் சாந்து என்று மேசை நிறைந்தது. இடம் போதாமல் தட்டுமேல் தட்டு வைத்தான். அப்பா வாயைத் திறந்தவர் மூட மறந்தார்.

"இவ்வளவும் நமக்கா?"

"ஆமாப்பா. சாப்பிடுங்க." வெனிங் ரெண்டாங் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "இது நல்லாருக்கும். இத மட்டும் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சிரும்."

அப்பா பிஸ்மில்லா சொல்லிவிட்டு ரெண்டாங்கில் ஒரு துண்டு எடுத்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சுகத்தைப் பார்த்து வெனிங்கும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்போது அப்பாவின் கை மீன் குழம்புக்குப் போனது.

"அப்பா, அதுல முள்ளு அதிகம்."

"பரவால்லம்மா." அவர் ஒரு மீன் துண்டை எடுத்துக்கொண்டார். அடுத்து பொரித்த கோழி.

"அது நேத்துப் பொரிச்சதா இருக்கும்ப்பா."

"மெதுவாப் பேசு. அவங்க காதுல விழப்போவுது" என்று அப்பா அதட்டினார். "பாவம், நாம வர்றோம்னு இத்தனை ஆக்கி வச்சிருக்காங்க. ஒண்ணத் தொட்டு ஒண்ண விட்டா ஆக்கினவங்க மனசு நோகாதா? எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்துக்கறதுதான் மரியாதை."

ஊரில் எந்த விருந்துக்குப் போனாலும் அப்பா செய்வது இதைத்தான். வைத்த பண்டத்தில் ஒன்றைத் தொடாமல் எழுந்தாலும் அந்த வீட்டை அவமதித்த மாதிரி. அவர் வயிற்றுக்காகச் சாப்பிடவில்லை. மனுஷத்தனத்துக்காகச் சாப்பிட்டார். அந்த மனுஷத்தனம் ஒவ்வொரு தட்டாகத் தொட்டுக்கொண்டே வந்தது. ஈரலில் ஒரு கடி. முட்டையில் பாதி. பாதி தின்றாலும் முழு விலை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"அது மாட்டு மூளைப்பா!" என்று கடைசி முயற்சியாகச் சொன்னாள். அருவருத்து விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தாள்.

"அட, மூளையா! பட்டணத்துல அதுகூட வெலைக்குக் கெடைக்குதா?" அப்பா ஆசையாக ஒரு துண்டு எடுத்தார். பிறகுதான் மகளின் தட்டைக் கவனித்தார். வெறும் சோறு, அதன்மேல் இலவசக் குழம்பு. கை அப்படியே நின்றது. "நீ ஏன் ஒண்ணும் எடுத்துக்கல?"

இங்கேதான் சாயம் வெளுத்துவிடும் என்று வெனிங் பயந்தாள். ஆனால் வாய் தானாகவே பதில் சொன்னது. "தெனமும் இதையே தின்னு அலுத்துப்போச்சுப்பா. குழம்பும் சோறும்தான் இப்பல்லாம் பிடிக்குது."

அப்பா அவளையே பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. வாழ்நாளில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்தது இரண்டு முறைதான். முதல் முறை, தம்பி பிறந்தபோது. "அலுத்துப்போச்சாமே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிச்சமிருந்த இரண்டு தட்டையும் தொட்டார்.

பரிமாறுகிறவன் வந்து தட்டுகளை ஒரு பார்வை பார்த்தான். கணக்கு அவன் கண்ணிலேயே முடிந்துவிட்டது. எட்டாயிரத்து எழுநூறு. வெனிங் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தாள். மீதி முந்நூறு கைக்கு வந்ததும் அப்பா அவள் காதருகே குனிந்தார். "அந்தத் தம்பி எவ்வளவு தூக்கிட்டு வந்தான் பாவம். ஏதாச்சும் குடும்மா." அதையும் கொடுத்தாள்.

புலோகாடுங் பஸ் நிலையத்துக்குப் போகிற சின்ன வண்டியில் இருவருக்கும் அப்பாதான் கூலி கொடுத்தார். "சாப்பாடு நீ போட்டுட்ட, இதாவது நான் தர்றேன்" என்றார். வழியெல்லாம் அதிசயமாகப் பேசிக்கொண்டே வந்தார். ஊரில் யாரிடம் என்னென்ன சொல்லலாம் என்று தட்டுகளை விரல்விட்டு எண்ணினார். மூளையை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்.

வொனொசோபோ பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அப்பா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு சட்டைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றி ஊசி குத்தியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"உங்கம்மா ஒரே அழுகை. நீ பட்டினி கெடக்கறியாம், கடுதாசில எழுதறதெல்லாம் பொய்யாம். ரெண்டு ஆட்ட வித்தேன். நாப்பதாயிரம் இருக்கு. உன்னப் பாத்து நெலமை சரியில்லன்னா, ஒண்ணு கூட்டிட்டு வந்துரணும், இல்ல இதக் குடுத்துட்டு வரணும்னு நெனச்சேன்." அவர் சிரித்தார். "வந்து பாத்தா நீ கறி மீனு அலுத்துப்போயி உக்காந்திருக்க. இருந்தாலும் கொண்டாந்துட்டேன். வச்சுக்கறியா?"

ஜாவாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்கும்போது, 'உங்க மனசு கோணக்கூடாதேன்னுதான்' என்று முனகியபடி வாங்கிக்கொள்ளலாம். கொடுக்கிறவரும் மூன்று தடவை கேட்பார். அது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒழுங்கு.

"வேண்டாம்ப்பா" என்றாள் வெனிங்.

"சும்மா வச்சுக்கம்மா."

"ஐயோ, வேண்டாம்ப்பா."

அவள் கை தன்னை அறியாமல் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது. நாற்பதாயிரம்! இருபத்தைந்து வரைக்கும் என்ன, இரண்டு மாதத்துக்கு மீனும் கோழியுமாகச் சாப்பிடலாம். அவளிடம் அறைக்குத் திரும்ப வண்டிக் கூலிகூட இல்லை. நடத்துனர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். அப்பா பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"கடைசியாக் கேக்கறேன். வேணும்னா வேணும்னு சொல்லு. வெக்கப்படாத."

வெனிங் அந்த முகத்தைப் பார்த்தாள். அறை வாசலில் 'எளைச்சுட்ட' என்று சொன்னபோது இருந்த கவலை ஒரு துளிகூட அதில் இல்லை. வாங்கிக்கொண்டால் அந்தக் கவலை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பதினோரு மணி நேரப் பயணம் முழுக்க அவரோடு கூடவே போகும், வீட்டில் அம்மாவையும் தொற்றிக்கொள்ளும்.

"வேண்டாம்ப்பா. அம்மாவுக்குப் பல்லு கட்டிவிடுங்க" என்றாள்.

முதல் இரண்டு வேண்டாமும் பழக்கத்துக்குச் சொன்னது. மூன்றாவதை அவளாகச் சொன்னாள்.

பஸ் நகர்ந்தது. அப்பா பொட்டலத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கையை அகல விரித்துக் காட்டினார். மேசையின் அகலமாக இருக்கும்.

அங்கிருந்து ரவாமங்குன்வரை வெனிங் நடந்தாள். தூறல் போட்டது, செருப்பு வார் பிய்ந்தது. பசி வேறு. சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன, இரண்டையும் அவள் அடக்கவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நடந்ததைக் கேட்ட தியுர்மா, "நாப்பதாயிரத்த வேண்டாம்னு சொன்னியா? உங்க ஜாதிக்கே மூளை இல்லடி!" என்று சந்து அதிரக் கத்திவிட்டு, தன் அரை நூடுல்ஸை அவளுக்குப் போட்டுக் கொடுத்தாள். இருபத்தைந்தாம் தேதி எப்போதும் போல மெதுவாகத்தான் வந்தது.

அம்மா பல் கட்டிக்கொண்டாள். அப்பா அதற்கப்புறம் வெனிங்கை ஊருக்கு வா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவர் போய் ஒன்பது வருடமாகிறது. சர்க்கரை இருப்பதால் தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வெனிங்குக்கு நடப்பதென்றால் சோம்பல். ஆனால் புலோகாடுங்கிலிருந்து ரவாமங்குன்வரை அந்த ஞாயிற்றுக்கிழமை நடையை இன்னொரு தரம் நடக்கச் சொன்னால், செருப்பில்லாமல், அரை வயிற்றோடு, இன்றைக்கும் நடப்பாள். பஸ் ஏற்றிவிட அப்பாதான் இல்லை.