பதினோராம் மனையின் கடைசி வரவு

இராஜாக்கமங்கலம் போகும் வழியில் உள்ள ராஜையன் நகரில், மேற்கேயிருந்து கிழக்கே குடிமாறிப் போகிறவர்கள் மனைக்கு இரண்டு அங்குலம் சுருங்குவார்கள். தையல்காரர் கிழக்கு வீட்டு ரவிக்கைக்குத் துணியைக் குறைத்தே வெட்டுவார். யாரும் தகராறு செய்ததில்லை. ராஜையன் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தென்னந்தோப்பைப் பதினெட்டு மனையாகப் பிரித்தபோது, சர்வேயர் சொன்னதைக் கேட்காமல், தனிம அட்டவணையின் முதல் மூன்று வரிசைபோல மேலே இரண்டு, அடுத்து எட்டு, கீழே எட்டு என்று எண் போட்டார். போட்டுவிட்டுச் செத்தும் போனார். மனைகள் அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டன. கிழக்கே போகப்போக ஆள் சுருங்கும், பிடி இறுகும். வரிசை இறங்க இறங்க ஆள் பெருக்கும், பிடி தளரும். கிழக்குக் கோடி வீட்டார் யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். கல்யாணக் கார்டைக்கூட வாசலிலேயே திருப்பிக் கொடுப்பார்கள்.

ஜெயபாய் குடிவந்தது பதினோராம் மனைக்கு, கடைசி வரிசையின் மேற்குக் கோடி. சோடியத்தின் இடம். கடைசி எலக்ட்ரானை சோடியத்தால் பிடித்துவைக்க முடியாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். அவள் வீட்டுக்குள் கடைசியாக எது நுழைந்ததோ, அது ஒரு பொழுதுக்குள் நழுவி, அதே வரிசையில் பதினேழாம் மனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எபிசன், அவன் மனைவி சுகந்தி, அவன் அப்பா அம்மா, மூன்று பையன்கள் என்று ஏழுபேர். சாப்பாட்டு மேசைக்கு எட்டு நாற்காலி. குளோரினுக்கும் அப்படித்தான், வெளிக்கூட்டில் ஒன்று குறைவு, அந்த ஒன்றுக்காக எதையும் பறிக்கும். ஜெயபாயின் புதுக்குடை போயிற்று, மிக்சி போயிற்று, பூனை போயிற்று. நாற்காலி நிரம்பவில்லை. "போனா போட்டும், விடுட்டி" என்று மஸ்கட்டிலிருந்து அவள் புருஷன் பிரபின் போனில் சொன்னான். அவனுக்கென்ன, சொல்லுவான்!

பன்னிரண்டு வருஷம் கழித்து ஜெஸ்பின் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வாசற்படி ஏறிய பிறகுதான் ஜெயபாய்க்குக் கணக்குப் புரிந்தது. இனி வீட்டின் கடைசி வரவு பிள்ளைதான். அந்த நிமிஷமே பக்கத்துக் கடையில் ஒரு சிரட்டை அகப்பை வாங்கி உள்ளே வைத்தாள். அது போயிற்று. மறுநாள் ஒரு கோழிக்குஞ்சு. அதற்கடுத்த நாள் ஒரு சோப்புப் பெட்டி. இப்படி ஆறு வருஷம், ஒருநாள் தவறாமல், பிள்ளைக்குப் பின்னால் எதையாவது கொண்டுவந்து பிள்ளையைக் காத்தாள். சுகந்தி வீட்டில் சோப்புப் பெட்டி மட்டும் இருநூறு சேர்ந்தது. ஒரு வார்த்தை கேட்டதில்லை, அந்த மகராசி.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு வந்தது. அன்று உள்ளே வந்திருந்தது புறவாசல் மட்டிவாழையின் முதல் குலை. முதற்பலனைச் சபைக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஜெயபாயின் குடும்பத்திலேயே கிடையாது. பிள்ளைக்குப் பொன்னுக்குவீங்கி என்பதால் வீட்டில் படுக்கவைத்துப் பூட்டிவிட்டு, குலையைத் தலையில் சுமந்து வேதக்கோயிலுக்குப் போனாள். காணிக்கைக் குலையின் ஏலம் முடிந்து எல்லாரும் கைதட்டியபோதுதான், குலை வெளியே வந்துவிட்டால் கடைசி வரவு பிள்ளைதான் என்று அவளுக்கு உறைத்தது. பாவி மனுஷி, செருப்பில்லாமல் ஓடிவந்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கட்டிலில் பிள்ளை இல்லை.

எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்து ஜெஸ்பின் அப்பமும் கறியும் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி மக்ளே, வீட்டுக்கு வா."

"இதுதான ஆன்டி என் வீடு."

சுகந்தி கையை விரித்தாள். "நாங்க பிடிச்சா வச்சிருக்கோம், ஜெயா? அவளா இருக்கா. எங்களுக்கும் இப்பம்தான் நெறஞ்சாப்ல இருக்கு."

இழந்தவர் சுருங்குவதும் பெற்றவர் பெருப்பதும் எலக்ட்ரான் விஷயத்தில் புதிதல்ல. ஒரே வாரத்தில் ஜெயபாய் பாதியானாள். எபிசன் கதவை அகலமாக்கக் கொத்தனாரை அழைத்தான். போலீசில் எழுதிக்கொடுக்க அவள் நாகர்கோவில் பஸ் ஏறினாள். பஸ் நகர நகர அவள் பின்னுக்கு இழுபட்டு, படிவழியே விழுந்து, பதினேழாம் வீட்டுச் சுவரில் போய்த் தோளோடு ஒட்டிக்கொண்டாள். கொடுத்தவரும் பறித்தவரும் அதன்பிறகு பிரிய முடியாது, உப்பின் பிணைப்பு அப்படி. வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகர், அயலார் இப்படியல்லவா ஒட்டி வாழவேண்டும் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சுவரிலிருந்து ஜெயபாயும் சொன்னாள்.

உப்பைப் பிரிக்கத் தண்ணீரால் முடியும் என்று யாரோ சொன்னதை நம்பி அவள் மழைக்கு ஜெபம் பண்ணினாள். ஐப்பசியில் வெள்ளம் இடுப்பளவு வந்தது. தோள் சுவரை விட்டது. "கையத் தா மக்ளே!" என்று சன்னல் வழியே கத்தினாள். ஜெஸ்பின் நாற்காலியைவிட்டு அசையவில்லை. தண்ணீர் கொடுத்தவரையும் பறித்தவரையும் பிரித்துவிடும், பறிபோனதை மட்டும் திருப்பித் தராது. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நாசமாய்ப் போக. மூன்று நாள் வெள்ளத்திலேயே மிதந்தாள். வெயிலடித்துத் தரை காய்ந்ததும் பழைய இடத்திலேயே வந்து ஒட்டினாள்.

இப்போது ஜெஸ்பினுக்குப் பத்து வயது. போன கிறிஸ்துமசுக்கு முந்தின நாள், தன் பழைய கவுன் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு சுவரருகே வந்தாள்.

"இந்தாங்க ஆன்டி, எனக்கு இது பத்தல்ல. உங்களுக்குச் சரியா இருக்கும்."

சரியாகத்தான் இருந்தது. பின்பக்க நாடா எட்டவில்லை என்று சொல்லி, ஜெயபாய் சற்றே திரும்பி முதுகைக் காட்டினாள். பிள்ளை இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டு, சாப்பிட உள்ளே போனாள்.