வெள்ளி மாலையா, சனி மதியமா

நல்ல சேதி சொல்ல வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே ரோஷெல் கப்ளோவிட்ஸுக்கு இப்போதெல்லாம் பயம் வந்துவிடும். மூன்று நாள் விடுப்பு முடிந்து திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்தவளை வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றார் டுவைட் ஹார்பிசன். வெண்டல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்குத் தலைவர். ஆறடி மூன்றங்குல மனிதர், குழந்தை மாதிரி பூரித்துப்போயிருந்தார். நல்லவர். அதுதான் தொல்லையே. கெட்டவர் என்றால் சண்டையாவது போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

"உங்களுக்காக ஒரு காரியம் பண்ணியிருக்கேன் ரோஷெல். என்னன்னு சொல்லுங்க பாப்போம்?"

"காபி மெஷினை மாத்திட்டீங்களா?"

"அதைவிடப் பெரிசு! அக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை. உங்க நோன்பு நாள், யோம் கிப்பூர். மறக்கலை பாருங்க. மேட்ச்சை அப்படியே தூக்கி முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டாச்சு. டிவிக்காரங்களுக்கு வாயெல்லாம் பல்லு. பத்திரிகைக்கும் அறிக்கை குடுத்தாச்சு."

ரோஷெல் கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இருபத்துமூன்று வருடமாக இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்ட அட்டவணையைப் போடுகிறவள் அவள்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தத் துறையின் ஒரே யூதப் பெண்மணியாகச் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, எங்கள் நாள் முந்தின நாள் சூரியன் சாயும்போதே தொடங்கிவிடும் என்று சொல்லிவருகிறாள். இருபத்துமூன்று தடவை சொல்லியாயிற்று. ஆனால் சுவரில் தொங்கும் காலண்டரில் சனிக்கிழமைக் கட்டத்தில்தானே அச்சடித்திருக்கிறது? அச்சடித்த காலண்டரை விட்டுவிட்டு ரோஷெல் பேச்சை யார் நம்புவார்கள்! இந்த வருடமும் அந்த வாரத்துக்கு வெளியூர் ஆட்டமாகத்தான் போட்டுவைத்திருந்தாள். எதிரணியின் மைதானத்தில் ஏதோ பழுது என்று கோடையில் ஆட்டம் இங்கே வந்து விழுந்தது. மிச்சத்தை அவள் இல்லாத மூன்று நாளில் முடித்துவிட்டார்கள்.

"டுவைட், வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எங்களுக்கு ஆரம்பம்."

"ஆரம்பம்னா... சின்னதா ஏதாவது விளக்கு ஏத்தறதா?"

"கோல் நித்ரே. வருஷத்துல ஒரே ஒரு தடவை பாடற ஜெபம். மத்த நாள் எட்டிப் பாக்காதவன்கூட அன்னிக்கு வந்து நிப்பான். பொழுது சாயறதுக்குள்ள ஆரம்பிக்கணும். ஆறரை மணிக்கு."

ஹார்பிசனின் முகம் தொங்கிப்போனது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்த கதை. 'எங்கள் யூத நண்பர்களின் புனித நாளை மதித்து' என்று அவரே உட்கார்ந்து எழுதிய அறிக்கை. நன்றி சொல்லி நாற்பது கடிதம் வந்திருந்ததாம், அதில் யூதர்கள் எழுதியது ஒன்றுகூட இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அவர் மிகவும் கலங்கிப்போனதைப் பார்த்து ரோஷெலே எழுந்து அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். "நல்ல எண்ணத்துலதானே பண்ணினீங்க, விடுங்க" என்றும் சொன்னாள். தப்பு அவருடையது, தேற்றும் வேலை அவளுடையது. எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

மதியம் அவர் டிவிக்காரர்களோடு பேசிவிட்டு வந்தார். வெள்ளி மாலை ஏழு மணி, இல்லாவிட்டால் பழையபடி சனி மதியம் பன்னிரண்டு. வேறு நேரமே இல்லை. நாளைக் காலைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"நீங்களே சொல்லிடுங்க ரோஷெல். எது உங்க ஆளுங்களுக்குக் கொஞ்சம் கம்மியா வலிக்கும்?"

உங்க ஆளுங்க. உலகத்தில் இருக்கிற அத்தனை யூதர்களையும் அவள் தலையில் தூக்கி வைத்துவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் புருஷன் நார்மன் சமையலறையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் ஜெப ஆலயத்தில் முப்பத்தொரு வருடமாகக் கோல் நித்ரே பாடுகிறவரும் அவர்தான். சம்பளம் கிம்பளம் கிடையாது, குரல் இருந்தது, பாடினார். அந்தக் குரல்வளையில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கட்டி வந்தது. கதிர் வைத்துப் பொசுக்கினார்கள். இப்போது திரும்ப வந்திருக்கிறது. போன வாரம் மூன்று நாள் விடுப்பு எடுத்தது கிளீவ்லாண்டில் ஒரு மருத்துவரைப் பார்க்கத்தான். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உடனே, என்றார் அவர். நார்மன் அவரோடு மீன்கடையில் நிற்பதுபோல் பேரம் பேசினார். யோம் கிப்பூர் முடிந்த திங்கட்கிழமை என்று படிந்தது. அதற்குமேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் அந்த மருத்துவர் ஒப்புக்கொண்டார்.

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று காரில் வரும்போதே சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தார். "கடைசியா ஒரு தடவை பாடப்போறேன். அதை அவங்க பாட்டாக் கேக்கணும். எழவு வீட்டு ஒப்பாரியா கேக்கக் கூடாது."

அவள் அலுவலகக் கதையைச் சொன்னாள். நார்மன் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிப்போனது.

"நூத்தி எண்பது பேர் பேண்டு வாசிப்பான். நான் ஒருத்தன். சரியான போட்டிதான்."

"ஜோக் அடிக்காதப்பா."

"பின்ன அழவா? இரண்டு வருஷம் முன்னாடி நம்ம புது வருஷத்தன்னிக்கு என்ன ஆச்சு? கொம்பு ஊதினது எனக்கே கேக்கலை."

உண்மைதான். ஜெப ஆலயம் மைதானத்திலிருந்து நாலே தெரு. ஏழு மணி ஆட்டம் என்றால் மூன்று மணிக்கே பேண்டு தொடங்கிவிடும், ஜன்னல் கண்ணாடி அதிரும். புள்ளி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் பீரங்கி வெடிப்பார்கள். முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டுக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! நார்மனின் குரலோ இப்போது பாதிதான் மிச்சம். அந்தச் சத்தத்தில் அது முதல் வரிசையைக்கூடத் தாண்டாது.

ராத்திரிச் சாப்பாடு ஆவதற்குள் பெர்னிஸ் அடெல்ஸ்டீன் போனில் வந்துவிட்டாள். சபையின் தலைவி, எழுபத்தாறு வயது, ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. செய்தித்தாளில் அறிக்கையைப் பார்த்திருந்தாள்.

"ஏண்டி ரோஷெல், உங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்காவது தலைக்குள்ள ஏதாவது இருக்கா?"

"மாத்தலாம்னு பேசிட்டிருக்கோம் பெர்னிஸ். வெள்ளி சாயங்காலம், இல்லாட்டி பழையபடி சனி மதியம். ரெண்டுல ஒண்ணுதான்."

"அப்போ மாத்தாதே! வெள்ளிக்கிழமையே இருக்கட்டும்." குரல் சட்டென்று இறங்கியது. "கோல் நித்ரே சத்தத்துல போனாப் போகுது. உன் புருஷன் வருஷா வருஷம் பாடறதுதானே, அடுத்த வருஷம் கேட்டுக்கறோம். சனிக்கிழமை எனக்கு அமைதியா வேணும்டி. என் வீட்டுக்காரர் லூ போய் இந்த செப்டம்பரோட ஒரு வருஷம். வருஷம் திரும்பற வரைக்கும் செத்தவங்களுக்கான ஜெபத்துல நிக்கிறதில்லைன்னு எங்க வீட்டு வழக்கம். இப்பதான் முதல் தடவையா அவர் பேரைச் சொல்லப்போறேன். மதியம் பன்னிரண்டுக்கு. அந்த நேரத்துல எவனாவது பீரங்கி வெடிச்சா எனக்குத் தாங்காது."

ரோஷெல் போனைக் காதில் வைத்தபடி நார்மனைப் பார்த்தாள். ஆப்பிளில் தேனைத் தொட்டு, விழுங்க முடிகிறதா என்று மெதுவாகச் சோதித்துக்கொண்டிருந்தார். "பாக்கறேன் பெர்னிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஹார்பிசனிடம் போய், "சனி மதியம்" என்றாள்.

"நிச்சயமா? எனக்கென்னவோ சனிக்கிழமைதான் முக்கியம்னு..."

"நிச்சயம்."

லூவின் பெயரை விற்றுத் தன் புருஷனின் பாட்டை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். ஊருக்காக யோசித்து யோசித்து இருபத்துமூன்று வருடம் அலுத்துப்போனவள், ஒரு தடவை தனக்காக யோசித்தாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஹார்பிசன் இரண்டாவது அறிக்கை விட்டார். 'எங்கள் யூத அதிகாரி ரோஷெல் கப்ளோவிட்ஸின் ஆலோசனையின்படி ஆட்டம் சனிக்கிழமைக்கே மாற்றப்படுகிறது.' அவளைக் கௌரவிப்பதாக நினைத்து, பெயரைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தார். அவ்வளவுதான், ஊர் அவள்மேல் விழுந்தது. மாணவர் பத்திரிகை எழுதியது. பெற்றோர்கள் எழுதினார்கள். யோம் கிப்பூர் அன்று ஆட்டம் வை என்று ஒரு யூதப் பெண்ணே சொன்னாளாம் என்று நியூ ஜெர்சியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து திட்டினார். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. ஜெப ஆலயத்தின் குருவான ரபிகூடக் கை குலுக்கும்போது வேறெங்கோ பார்த்தார்.

யூதப் புது வருடத்துக்கும் யோம் கிப்பூருக்கும் நடுவில் இருக்கிற பத்து நாளில், யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். மூன்று தடவை கேட்கலாம். ரோஷெல் மூன்று தடவையும் பெர்னிஸ் வீட்டுக்குப் போனாள். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை, "டிவிக்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டது. மூன்றாவது தடவை பெர்னிஸ் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். லூவின் படம் எதிர்ச் சுவரில் இருந்தது.

"ஏன்னு சொல்லு. நான் அவ்வளவு கெஞ்சினேன், நீ ஏன் அப்படிப் பண்ணினே? காரணம் சொல்லு, இந்த நிமிஷமே மன்னிச்சுடறேன்."

வாய்வரை வந்தது. ஒரு வாக்கியம் போதும், பெர்னிஸ் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். வெள்ளிக்கிழமை ஊரே அழுதிருக்கும். நார்மன் ஒப்பாரிக்கு நடுவில் பாடியிருப்பார்.

"காரணம் இருக்கு பெர்னிஸ். சொல்ல முடியாது."

"அப்போ எனக்கும் மன்னிக்க முடியாது. போயிட்டு வா."

வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்கு ஜெப ஆலயத்தில் உட்கார இடமில்லை, ரோஷெலைச் சுற்றி மட்டும் இருந்தது. அவளுக்கு அடுத்த இருக்கை பதினெட்டு வருடமாகப் பெர்னிஸினுடையது. கோபத்துக்காக இருக்கையை மாற்றிக்கொள்கிற ஆள் இல்லை பெர்னிஸ். வெள்ளைச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முகத்தை மட்டும் திருப்பவில்லை. வெளியே தெரு அமைதியாக இருந்தது. மறுநாள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் இன்னும் விடுதிகளில்தான் இருந்தார்கள்.

நார்மன் மேடை ஏறினார். வெள்ளை அங்கி தோளில் கொஞ்சம் பெரிதாகத் தொங்கியது. பாடுவதற்கு முன் சொல்லவேண்டிய வாசகத்தைச் சொன்னார்: தவறு செய்தவர்களோடு சேர்ந்து ஜெபிக்க நமக்கு இன்று அனுமதி உண்டு.

"உனக்காகத்தான் சொல்றார்" என்றாள் பெர்னிஸ், முன்னால் பார்த்தபடியே.

கோல் நித்ரேயை மூன்று தடவை பாடவேண்டும். முதல் தடவை, அரண்மனைக்குள் நுழையப் பயப்படுகிறவனைப் போல, தாழ்ந்த குரலில். நார்மனின் குரல் தரையோடு தரையாக வந்தது.

"என்ன இவ்வளவு மெதுவா?" பெர்னிஸ் கிசுகிசுத்தாள். "உடம்புக்கு ஏதாவதா?"

"முதல் தடவை மெதுவாத்தானே பாடணும்."

இரண்டாவது தடவை கொஞ்சம் ஏறியது. நடுவில் ஓரிடத்தில் கீறல் விழுந்தது, நார்மன் அதன்மேலேயே கால் வைத்து நடந்து போனார். மூன்றாவது தடவை தொடங்கியபோது ரோஷெல் தன் புத்தகத்தை மூடிவிட்டாள். நார்மன் எதையும் பத்திரப்படுத்தவில்லை. இருந்த குரல் அத்தனையையும் எடுத்து வெளியே போட்டார். கரகரத்து, உடைந்து, மறுபடி கூடி, அது மேலே மேலே ஏறிக் கடைசி வரிசைக்கும் போயிற்று. முப்பத்தொரு வருடத்தில் அவர் இப்படிப் பாடி அவள் கேட்டதில்லை. அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. அத்தனை அழகாகப் பாடினார்.

பாட்டு முடிந்தது. பெர்னிஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கை உரக்கச் சிந்தினாள். பிறகு முதல் தடவையாக ரோஷெல் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு லூ பேரைச் சொல்றப்ப பீரங்கி வெடிச்சா உன்னைத்தான் சபிப்பேன், அதுல மாத்தமில்லை." சொல்லிவிட்டு ரோஷெலின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். "ஆனா உன் புருஷன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. மனுஷன் இப்படியா மொத்தத்தையும் ஒரே நாள்ல கொட்டுவான்? அடுத்த வருஷத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லு."

"சொல்றேன்" என்றாள் ரோஷெல்.