தூண்டில் நரம்பும் நாலாவது கம்பியும்

1.
இந்தக் கதை ஒரே வரியிலிருந்து பிறந்தது. கின்ஷாசாவில் ஒரு கடையில், வாங்கிய கம்பிப் பாக்கெட்டைத் திருப்பி நீட்டிய பெண், "இதை மாட்டுனா என் கிட்டார் செத்துப்போயிடும்" என்றாள். நான் கேட்டது அவ்வளவுதான். லுசாம்பா என்பது அவளுக்கு நான் வைத்த பெயர்.

முதல் தொடக்கம்: அந்தி மயங்கும் காங்கோ ஆற்றங்கரையில், தன்னந்தனியாக… (வேண்டாம். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.)

2.
மகியேசேயின் இசைக்குழுவில் மூன்றாம் கிட்டார்க்காரன் ஆற்றைத் தாண்டி அக்கரைக் குழுவோடு சேர்ந்துவிட்டான். அந்த இடத்துக்கு லுசாம்பா இன்று மதியம் வாசித்துக் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மத்தாதி ஊருக்குப் பஸ், அங்கே அத்தையின் துணிக்கடை, கிட்டாருக்கு முழுக்கு.

அவளுடையது நைலான் கம்பிக் கிட்டார். சத்தம் போதாதே என்று நான் அதில் இரும்புக் கம்பியை மாட்டி எழுதினேன்.

"அண்ணே, எழுதுறதுக்கு முன்னாடி இதைத் தொட்டாவது பாத்தியா?" என்று என்னிடமே பாய்ந்தாள் லுசாம்பா. "மெலிசுப் பலகை. இரும்பு இழுக்குற இழுப்புல கம்பியைக் கட்டுற அடிக்கட்டை பேந்துக்கிட்டு வந்துடும்."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

(மின்கிட்டாரில் நைலானைப் போட்டால் அதன் காந்தம் கண்டுகொள்ளவே செய்யாதாம். ஒவ்வொரு கிட்டாரும் தன் கம்பியை அறிந்திருக்கிறது. எனக்கு இது பெரிய அதிசயம்.)

3.
மூன்றாம் கிட்டாருக்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. தடித்த நாலாவது கம்பியைக் கழற்றிவிட்டு, முதல் கம்பி போல மெலிதான ஒன்றைப் போட்டு, அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் வைப்பார்கள். தாளக் கிட்டாருக்கும் மெட்டை முன்னால் வாசிக்கும் தனிக் கிட்டாருக்கும் நடுவில் அது மினுங்கும். மெலிதான நைலான் கடையில் இல்லை. லுசாம்பா மீன் சந்தைக்குப் போனாள்.

4.
"என்ன தங்கச்சி, கிட்டார்ல மீன் நாத்தம் அடிக்குது?" என்றான், ஒத்திகை நடக்கும் பாரில், குழுவின் தனிக் கிட்டார்க்காரன் எகோண்டா.

"தூண்டில் நரம்புண்ணே. கெளுத்தி இழுத்தே அறாதது, உங்க பாட்டுக்கா அறும்?"

"மைக்கை அவகிட்ட நகர்த்துங்கப்பா" என்றார் மகியேசே.

புது நரம்பு இளகிக்கொண்டே இருக்கும். அவள் கடைசியாக ஒருமுறை திருகாணியை முறுக்கினாள்.

5.
முடிவு அ: பாதிப் பாட்டில் நரம்பு தளர்ந்து சுரம் இறங்க… (கை வரவில்லை.)

முடிவு ஆ: மகியேசே எழுந்து வந்து அவள் நெற்றியில் பாராட்டாக ஒரு பண நோட்டை ஒட்ட… (ரொம்பச் சினிமா.)

நடந்தது இதுதான். அவள் விரல் நாலாவது கம்பியைத் தொட்டது. எகோண்டாவின் கை தன் கிட்டார் மேலேயே நின்றுவிட்டது. பீர்ப் பெட்டி தூக்கி வந்தவர் அதை இறக்கி வைக்க மறந்தார். மீன் பிடிக்கிற நரம்பா இது? எழுதத் தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகியேசே வாயைத் திறந்தார்: "தங்கச்சி, நீ [                    ]"

அந்த இடத்தை நீங்கள் நிரப்புங்கள். அவசரமில்லை. நீங்கள் எழுதும்வரை அவள் வாசித்துக்கொண்டுதான் இருப்பாள். மத்தாதி பஸ்ஸும் கிளம்பாது.