தறிக்குழியில் விழுந்த சொறி

மருதமுனையில் இப்றாஹிமின் தறிக்கொட்டிலில் அப்போது இருந்தவர்கள் இப்றாஹிம், அவன் மனைவி நாச்சியா, கூலிக்கு நெய்ய வந்த ஷரிபுதீன், நாச்சியாவின் காக்காவான, அதாவது மூத்த சகோதரரான, கல்முனைக் காலிதீன் ஆகிய நால்வரே. காலிதீனின் வாயிலிருந்து கடைசி இங்கிலீஷ் சொல் தறிக்குழிக்குள் விழுந்ததை நால்வரும் கண்டார்கள்.

அது ஐம்பத்தைந்தாம் ஆண்டு. அந்த ஆண்டு நெல் நன்றாக விளைந்தது. இங்கிலீஷ் சொற்கள் வாயிலிருந்து உதிர்ந்தன. தபால் கந்தோரில் 'குட்மோர்ணிங்' கொட்டைப்பாக்குப் போல உருண்டது. மீன்கார முருகேசு 'ஐஸ்' என்றதும் அது மணலில் விழுந்து கரைந்தது. ஒருவர் சொன்ன 'கவர்மெண்டு' பக்கத்தில் நின்றவரின் காலில் விழுந்து நகம் கறுத்தது. விழுந்த சொல் திரும்ப வாயில் ஏறவில்லை. ஆட்கள் கூட்டி அள்ளிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

காலிதீனுக்குத்தான் சேதம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை குனியாத குடும்பம். தமிழில் அவர் எவரிடமும் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்டதில்லை. கேட்கவேண்டி வந்தால் இங்கிலீஷ் 'sorry'யைச் 'சொறி' என்று சொல்வார். இங்கிலீஷில் கேட்டால் மரியாதை குறையாது என்பது அவர் எண்ணம். சில வருடங்களுக்கு முன் ஒரு கந்தூரி விருந்தில் இப்றாஹிம் உடுத்திருந்த புதுச் சாரனில் ஆணக் குழம்பைக் கொட்டிவிட்டு, "சொறி மச்சான்" என்றார். இங்கிலீஷ் தெரியாத இப்றாஹிம், சபையில் வைத்துத் தன்னைச் சொறி பிடித்தவன் என்கிறார் என்று எண்ணிச் சாப்பாட்டில் இருந்து எழும்பிவிட்டான். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் வாழவேண்டியவன், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு மருதமுனைக்குப் போனான். வாப்பா நாச்சியாவுக்குக் கல்முனையில் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

அவர் வாயிலிருந்து 'தேங்க்யூ'வும் விழுந்து, சொறி மட்டும் மிஞ்சிய காலையில் காலிதீனின் மனைவி பாத்தும்மா அவரை இருக்க விடவில்லை. "மிச்சமிருக்கிற அந்த ஒரு சொல்லும் விழ முன்னம் போய், அண்டைக்கு என்ன கருத்தில சொன்னதெண்டு விளங்கப்படுத்துங்க. பிறகு கையப் பிசைஞ்சு என்ன செய்ற?"

காலிதீன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். சொல் விழுந்துவிடும் என்று, வழியில் சலாமுக்குப் பதில் சொன்னதைத் தவிர வாய் திறக்கவில்லை. தறிக்கொட்டில் வாசலில் நின்று, "மச்சான், அண்டைக்கு நான் சொன்னது வெள்ளைக்காரன்ட பேச்சு... சொறி" என்றார். அது டொக்கென்று விழுந்தது.

ஷரிபுதீன் குனிந்து பார்த்தான். "இவ்வளவு பெரிய சொறியா, காக்கா? மருந்து ஒண்டும் போடல்லியா?"

நாச்சியா முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இப்றாஹிம் சிரிக்கவில்லை. காலிதீன் நாக்கால் வாய்க்குள் தேடிப் பார்த்தார். அந்த இடத்தில் இங்கிலீஷில் ஒன்றும் மிச்சமில்லை.

"மாப்புத் தாங்க, மச்சான்."

இப்றாஹிம் நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தான். "இத அண்டைக்கே செல்லியிருந்தா, சாரனக் கழுவிப் போட்டுட்டு இருந்து சாப்பிட்டிருப்பேனே!"

இறுக்கிப் பூட்டிய கோட்டுப் பொத்தானை யாரோ கழற்றிவிட்டதுபோலக் காலிதீனுக்கு மூச்சு இறங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் சீதன வீடு திறந்து, வெள்ளையடித்து, இப்றாஹிமும் நாச்சியாவும் திரும்பிக் குடிவந்தாயிற்று. பிறகு வந்த வருடங்களில் அவர் பாத்தும்மாவிடமும், ஒருமுறை முருகேசுவிடமும்கூட மாப்புக் கேட்டார். குடும்ப மரியாதை குண்டுமணியளவும் குறையவில்லை.

அந்தச் சொறியைக் கோழி கொத்தித் தின்றது என்று பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் ஒரு கதை உலாவுகிறது. அது பிழை. கோழி தின்றது தேங்க்யூவை. சொறியை நாச்சியா முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். கடற்காற்றில் அந்த வீட்டு வாசல் கதவு அடித்துச் சாத்தாமலிருக்க அதைத்தான் கதவடியில் வைத்திருக்கிறாள்.